ஒரு கிலோவுக்குக் கீழே

எனக்கு வந்த கடிதம் எதற்கும் நான் பதில் எழுதாமல் இருந்ததில்லை என்பதை முதலில் பதிவுசெய்துகொள்ளுங்கள். பத்தொன்பது ஆண்டுகளாக இதுதான் என் ஒழுக்கம். பாராட்டியவருக்கும் பதில், வசைபாடியவருக்கும் பதில். என் மைத்துனன் தன் திருமண அழைப்பிதழை நேரில் கொண்டுவந்து கொடுத்தபோதுகூட, கிடைக்கப்பெற்றேன் என்று எழுத்தில் ஒரு வரி அனுப்பிவைத்தேன். மனைவி வீட்டார் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பொறுப்புள்ளவனைப் பார்த்துத்தான் சிரிக்க முடியும். பொறுப்பற்றவனைத் தேடிப் பிடிக்கவே நேரம் போதாது.

முதலில் சாவி, மற்றதெல்லாம் பிறகு என்கிறீர்கள். முன்னுரை இல்லாமல் முடிவுரை எழுத எனக்கு வராது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லும்படி இந்த விசாரணை அறைக்குள் நுழைந்ததும் கேட்டவர் நீங்கள். மூலையில் தட்டச்சரும் விரல்களைத் தயாராக வைத்திருக்கிறார். மணி பத்தேகால்தான் ஆகிறது. ஒழுங்காகவே போவோம்.

'சொட்டு' ஒரு சிறிய மென்பொருள். நரம்பு வழியாக மருந்து ஏற்றும் பம்பை மருத்துவமனைக் கட்டில்களுக்கு அருகில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோயாளியின் எடையை நர்ஸ் கணினியில் தட்டினால், மணிக்கு எவ்வளவு மருந்து இறங்கவேண்டும் என்று சொட்டு கணக்கிட்டுப் பம்புக்குச் சொல்லும். வேறு வேலை அதற்குக் கிடையாது. அப்போது நான் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருந்தேன். தலைமை நர்ஸ் ஒருவர் இந்தக் கணக்கை நோயாளியின் அட்டைக்குப் பின்புறம் பென்சிலால் போட்டு, அழித்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. மூன்று வாரத்தில் எழுதிக் கொடுத்தேன். பிறகு அதைத் திறந்த மூல மென்பொருளாக உலகுக்கு விட்டேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், குறை கண்டால் திருத்தி அனுப்பலாம். எந்தத் திருத்தம் அதிகாரபூர்வப் பதிப்பில் சேரும் என்பதைச் சாவி வைத்திருப்பவர் மட்டும் முடிவுசெய்வார். அழகான ஏற்பாடு. ஊரே உட்கார்ந்து உண்ணலாம், உப்புப் போடுகிற கை மட்டும் ஒன்று.

உங்கள் முதல் தகவல் அறிக்கையில் மேற்கோள் காட்டியிருக்கும் அந்த வரி முதல் வாரத்திலேயே எழுதப்பட்டது. எடைபார்க்கும் இயந்திரம் ஒருநாள் மக்கர் செய்து சுழியம் என்று அனுப்பியது. சுழியத்தை வைத்துக் கணக்குப் போட முடியாமல் சொட்டு மயங்கி விழுந்தது. மறுபடி விழாமல் இருக்க நான் ஒரு வரி சேர்த்தேன்: எடை ஒரு கிலோவுக்குக் குறைவாக வந்தால் ஒரு கிலோ என்று கொள்க. என் இஷ்டத்துக்குச் செய்யவில்லை. தலைமை நர்ஸிடம் கேட்டேன்.

"ஒரு கிலோவுக்குக் கீழயா? அதெல்லாம் எங்க கைக்கு எங்க சார் வந்து சேருது? போடுங்க, போடுங்க" என்றார்.

போட்டேன். அன்றைக்கு அந்த வரி சரி. மென்பொருள் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. எழுதியது எழுதியபடியே இருக்கும். உலகம்தான் கேட்காமல் கொள்ளாமல் மாறிவிடுகிறது. ஒரு கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைகள் பிழைக்கத் தொடங்கின. அதற்கு யாரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

நான் பின்னர் நீர் வழங்கல் அலுவலகத்துக்கு மாறினேன். அங்கே என் அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அலுவலகத்தில் என்னை அழைக்கும் பெயர் 'பிரிண்டர் சார்'. பிரிண்டர் நின்றால் என் ஞாபகம் வரும், ஓடினால் மறந்துபோகும். ஆனால் சொட்டின் திரையில், அடியில், சிறிய எழுத்தில் ஒரு வரி உண்டு: பராமரிப்பவர், அதற்குப் பக்கத்தில் என் பெயர். உறவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் மருத்துவமனைக்கு முதல் ஆளாக ஓடுகிறவன் நான்தான். சம்பந்தியின் பித்தப்பைக்கு இரண்டு முறை போனேன். எனக்கு இளகிய மனசு என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் திரையைப் பார்க்கப் போகிறேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதவரை அது இளகிய மனசுதானே.

அடுத்து தொண்ணூறு நாள் விதி. உங்கள் குறிப்பில் இதைத் தவறாக எழுதியிருக்கிறார்கள், திருத்திக்கொள்ளுங்கள். பராமரிப்பவர் செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் அநாதையாய்க் கிடக்கும் மென்பொருள்கள் எங்கள் உலகில் ஏராளம். சொட்டுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நானே ஒரு விதி எழுதி, அதை இயந்திரத்தின் பொறுப்பில் விட்டேன். பராமரிப்பவர் தொண்ணூறு நாள் எழுத்தில் எந்தப் பதிலும் தராவிட்டால், அதிகத் திருத்தங்கள் அனுப்பியவருக்கு உரிமை தானாகப் போய்விடும். இதை முன்மாதிரி என்று மேடைகளில் பாராட்டினார்கள். ஒருவர் கட்டுரையே எழுதினார். நல்ல கட்டுரை, பிரதி என்னிடம் இருக்கிறது. விதியில் ஒரு சிறிய ஓட்டை. அது மூச்சை மட்டும்தான் எண்ணும், வேலையை எண்ணாது. எண்பத்தொன்பதாம் நாள் 'பார்க்கிறேன்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

இந்த ஓட்டை எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். எழுதிய அன்றே தெரியும். கதவு செய்கிறவனுக்குத் தாழ்ப்பாள் எங்கே என்று தெரியாதா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் எனக்கு எழுதத் தொடங்கினார். பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை. வேலை நேரம் போக மீதியில் நிரலெழுதக் கற்றுக்கொண்டவர். அவருக்கு நான் 'அரைக்கிலோ' என்று பெயர் வைத்தேன், ஏனெனில் அவருடைய எல்லாக் கடிதங்களும் அரைக்கிலோ, அறுநூறு கிராம், எழுநூறு கிராம் என்றே தொடங்கும். மளிகைக்கடைப் பட்டியல் மாதிரி. ஆனால் கெட்டிக்காரர். அவர் அனுப்பிய திருத்தங்கள் நாற்பத்துமூன்று. எழுத்துப்பிழைகள், கணக்கு வேகம், திரையின் நிறம் என்று எல்லாவற்றையும் சரிசெய்தார். நாற்பத்துமூன்றையும் மனமார ஏற்றுக்கொண்டேன். நாற்பத்துநான்காவது, அந்த ஒரு கிலோ வரி. அதற்கு மட்டும் 'பார்க்கிறேன்' என்று எழுதினேன். எண்பத்தொன்பது நாள் கழித்து மறுபடி எழுதினேன். இரண்டு ஆண்டில் எட்டு முறை.

ஒருநாள் அலுவலகத்துக்கே போன் செய்தார்.

"சார், ஒரு கிலோ விஷயமா எழுதிட்டிருக்கேனே, நான்தான்."

"பார்த்தேம்மா."

"பார்த்துட்டீங்களா சார்? அப்போ..."

"பார்த்தேன்னுதான் சொன்னேன். முடிச்சேன்னு சொல்லல."

"சார், இப்பல்லாம் அறுநூறு கிராம்ல பிறக்கிறது கூடப் பொழைச்சு, அம்மா மடியில உக்காந்து வீட்டுக்குப் போகுது. அதுக்குப் போய் சொட்டு ஒரு கிலோவுக்கான மருந்த ஏத்தச் சொல்லுது. ஒன்றரை மடங்குக்கு மேல சார். அதுவும் சத்தமே இல்லாம. ஒரு எச்சரிக்கை கூடக் காட்ட மாட்டேங்குது."

"நீங்க இருக்கீங்கல்ல, பாத்துப் போடுங்க."

"நான் பாத்துக்கறேன் சார். நான் லீவுல போனா?"

கேள்வி நியாயமானது. பதில் சொல்ல எனக்கு இன்னும் எழுபது நாள் இருந்தது.

"சார், கோவிச்சுக்காதீங்க. சாவிய எனக்குக் குடுக்கணும்னு கூட இல்ல. இத்தோட சொட்டு முடிஞ்சுது, வேற ஏற்பாடு பண்ணிக்கோங்கன்னு நீங்களே ஒரு வரி போட்டுட்டாலும் போதும். அவங்கவங்க வேற எதையாவது தேடிக்குவாங்க."

பாருங்கள், எவ்வளவு பெருந்தன்மை! நான் வளர்த்ததை நானே கொல்லலாம், அல்லது இவருக்குத் தத்துக் கொடுக்கலாம். இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எனக்கு உண்டாம். கோபிக்கவில்லை. ரிசீவரை மெதுவாகத்தான் வைத்தேன்.

வீட்டிலும் இதே பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மைத்துனன் வந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். என் மனைவி அவன் முன்னால் பேச்சை எடுத்தாள். தனியாக எடுத்தால் நான் எழுந்துபோய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னங்க, அந்தப் பொண்ணு நேத்தும் வீட்டுக்குப் போன் பண்ணுச்சு. குடுத்துத் தொலைங்களேன். பெத்த பொண்ணையே ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டோம், இத குடுக்க உங்களுக்குக் கை வரலையா?"

"பொண்ணு லீவுக்கு வருவா. இது வராது."

"நல்லா இருக்கே! அவ கல்யாணத்துக்கு அழாத மனுஷன்டா இவரு" என்றாள் தம்பியிடம்.

"அத்தான், சுலபமா சொல்றேன்" என்றான் அவன். "ஓடாத லிஃப்டுக்கு நாங்க ரெண்டுல ஒண்ணு பண்ணுவோம். பயன்படுத்தாதீர்னு பலகை மாட்டுவோம். இல்லன்னா வேலை தெரிஞ்சவன்கிட்டச் சாவியக் குடுத்துட்டு எறங்கிடுவோம். நீங்க பலகையும் மாட்டல, எறங்கவும் மாட்டேங்கிறீங்க. உள்ளேயே நின்னுக்கிட்டுக் கதவ மட்டும் தொறந்து தொறந்து மூடிக்கிட்டிருக்கீங்க."

"எல்லாமே லிஃப்டு ஆகிடாதுடா."

"ஆமாமா. லிஃப்டு நின்னா உள்ள இருக்கிறவனுக்கு வேர்க்கும், அவ்வளவுதான்."

மனைவி சிரிக்கவில்லை. மைத்துனனும் சிரிக்கவில்லை. இருவரும் என்னையே பார்த்தார்கள். மேலும் கீழும் மட்டுமே போகிற தொழிலில் இருப்பவனுக்கு நெளிவு சுளிவு எங்கே புரியப்போகிறது என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மறுபடி சாவி கேட்கிறீர்கள். கேட்பது உங்கள் வேலை. நான் குறை சொல்லவில்லை. உங்கள் சிக்கலும் எனக்குப் புரிகிறது. சொட்டு இலவசம் என்பதால், எந்தெந்த மருத்துவமனை பயன்படுத்துகிறது என்று ஒரு பட்டியல் யாரிடமும் இல்லை. உங்களுக்குத் தெரிந்த அறுபது இடங்களுக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லிவிட்டீர்கள். தெரியாத இடங்கள் எத்தனை என்று எனக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கணினியும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, புதிய பதிப்பு உண்டா என்று கேட்கும். என் சாவி போட்டு ஒரு பதிப்பு வெளியிட்டால் எல்லாம் தாமாகவே எடுத்துக்கொள்ளும். சாவி என்பது பன்னிரண்டு சொற்கள், ஒரே வரிசையில். எங்கும் எழுதிவைக்கவில்லை, என் நினைவில்தான் இருக்கிறது. இப்போது மணி பதினொன்று ஆகவில்லை. பகல் பன்னிரண்டுக்கு வார்டுகளில் மருந்துக்குழல் மாற்றுவார்கள், எடையை மறுபடி தட்டுவார்கள், சொட்டு மறுபடி கணக்கிடும். அதற்குள் முடித்துவிடலாம். நீங்கள் அவசரப்படுத்தினால்தான் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

தொண்ணூறு நாள் விதிப்படி உரிமை தானாக அந்த நர்ஸுக்குப் போய்விடாதா என்று உங்கள் உதவியாளர் காலையில் கேட்டார். போகும். நான் கடைசியாக எழுதி இன்றோடு முப்பத்தாறு நாள். இன்னும் ஐம்பத்து நான்கு நாள் காத்திருந்தால் போகும். இந்த வாக்குமூலமும் எழுத்தில்தான் பதிவாகிறது. இதையும் ஒரு பதிலாகக் கொள்ளலாமா என்று சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நல்லது, விட்ட இடத்துக்கு வருகிறேன். அரைக்கிலோ பொறுமை இழந்தார். சொட்டைப் பிரதியெடுத்து, அந்த ஒரு கிலோ வரியை நீக்கி, தனிக் கிளையாக வெளியிட்டார். திறந்த மூலத்தில் அதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை எழுதிக் கொடுத்தவனும் நானே. எட்டு மருத்துவமனைகள் அவருடைய கிளைக்கு மாறின. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, என் அண்ணனுக்கு இடுப்பு எலும்பு முறியும்வரை.

வழக்கம்போல் முதல் ஆளாக ஓடினேன். அண்ணன் வலியில் முனகிக்கொண்டிருந்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பம்புக்குப் பக்கத்திலிருந்த திரையைப் பார்த்தேன். அடியில் என் பெயர் இல்லை. அந்த இடத்தில், சந்தேகம் இருந்தால் அழைக்கவும் என்று ஒரு தொலைபேசி எண் இருந்தது. அரைக்கிலோவின் வார்டு எண். தன் பெயரைக்கூட அவர் போட்டுக்கொள்ளவில்லை. பெயர் போட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். ஆசை மனித இயல்பு. பெயரே வேண்டாம் என்று நினைப்பவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். நானும் அண்ணியோடு சேர்ந்து அழுதேன். என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன் அல்லவா என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னது காதில் விழுந்தது.

அடுத்த வாரம் நான் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். ஆம், ஏற்றுக்கொண்டேன். நீங்கள் தயாரித்த குறிப்பில் 'மறுத்தார்' என்று இருப்பது அவதூறு. அவர் எழுதிய நிரல் முழுவதையும், ஒரு புள்ளிகூடக் குறையாமல், அதிகாரபூர்வப் பதிப்பில் சேர்த்தேன். பங்களித்தவர் என்று அவர் பெயரைக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் போட்டு நன்றி சொன்னேன். பிழை அறிக்கையின் மேல் 'தீர்க்கப்பட்டது' என்று எழுதி மூடினேன். ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் கூடுதலாகச் செய்தேன். அந்தத் திருத்தத்துக்கு ஒரு விசை வைத்தேன். விசையை அணைத்த நிலையில் வெளியிட்டேன். அமைப்புக் கோப்பில் பதினேழாம் வரியைத் தேடி மாற்றினால் வேலைசெய்யும். அதற்கான விளக்கக் குறிப்பைப் பின்னர் எழுதலாம் என்று இருந்தேன்.

ஏன் அணைத்து வைத்தேன் என்று கேட்டால், இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. திருத்தம் உடனே வேலைசெய்தால், முன்பு இருந்தது தவறு என்று பொருளாகிவிடும். விசையாக வைத்துவிட்டால் அது ஒரு கூடுதல் வசதி. முன்பும் சரி, வேண்டுமென்றால் இப்போது இன்னும் சரி. பத்தொன்பது ஆண்டு உழைப்பை ஒரே நாளில் பிழை என்று அறிவிக்க எந்தப் பொறுப்புள்ள பராமரிப்பாளருக்கும் மனம் வராது.

எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. அரைக்கிலோவின் மருத்துவமனையிலிருந்து கருவிகள் பிரிவு அலுவலர் அழைத்தார். நல்ல மனிதர், சுருக்கமாகப் பேசுபவர்.

"சார், அந்த ஒரு கிலோ பிரச்சினை உங்க பதிப்புல தீர்ந்துடுச்சா? எங்க நர்ஸம்மா ஒரு தனிக் கிளைய வச்சுக்கிட்டு உயிர எடுக்கிறாங்க. மேலிடத்துல அதிகாரபூர்வமானதுதான் வேணுங்கிறாங்க."

"தீர்ந்துடுச்சு."

"நிச்சயமா சார்?"

"மூடியாச்சுன்னு எழுதியே போட்டிருக்கேனே, பார்க்கலையா?"

"அப்போ சரி சார். நிம்மதி."

அவர் நிம்மதியாகக் கிளையை நீக்கி, என் பதிப்பை நிறுவினார். மற்ற ஏழு மருத்துவமனைகளும் பின்தொடர்ந்தன. திரைகளின் அடியில் என் பெயர் திரும்பி வந்தது.

அந்தப் பதிப்பு வெளியான ஆறாம் நாள் அரைக்கிலோவின் மின்னஞ்சல் வந்தது. 'ஐயா, புதிய பதிப்பில் சோதித்துப் பார்த்தேன். அறுநூறு கிராம் கொடுத்தாலும் ஒரு கிலோவுக்கான அளவுதான் வருகிறது. என் நிரல் உள்ளே இருப்பது தெரிகிறது, ஆனால் வேலைசெய்யவில்லை. எங்கே தவறவிட்டேன் என்று சொல்லுங்கள்.' தவறு தன்னுடையது என்றே நினைத்தார், பாவம். மரியாதை தெரிந்தவர். அதை அன்றே படித்தேன், அன்றே பதிலும் எழுதினேன்: பதினேழாம் வரியை மாற்றவும். மூன்றே சொற்கள். அனுப்பவில்லை. வரைவில் சேமித்தேன்.

என் கணினியிலிருந்து அந்த வரைவை எடுத்துவிட்டதாகவும், தேதி சரியாக இருப்பதாகவும் நீங்கள் காலையில் பெரிய கண்டுபிடிப்பைப் போலச் சொன்னீர்கள். மறைத்துவைத்திருந்தால்தானே கண்டுபிடிப்பு? எண்பத்தொன்பதாம் நாளுக்கு ஒரு பதில் கையில் இருக்கவேண்டும் அல்லவா. ஆறாம் நாளே அதைச் செலவழித்துவிட்டால் எண்பத்தொன்பதாம் நாள் என்ன எழுதுவது? தவிர, ஒருமுறை உடனே பதில் சொல்லிப் பழக்கிவிட்டால், பிறகு எல்லாரும் உடனே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

என் பதில் வராததால் அவர் ஒவ்வொரு பம்பிலும் ஒரு தாள் ஒட்டினார்: ஒரு கிலோவுக்குக் கீழ் இருந்தால் திரையை நம்பாமல் கையால் கணக்கிடவும். கருவிகள் பிரிவு அலுவலர் அவற்றைக் கிழித்துவிட்டு, நான் எழுதிய 'தீர்க்கப்பட்டது' பக்கத்தை அச்செடுத்து அதே இடத்தில் ஒட்டியதாக உங்கள் கோப்பில் இருக்கிறது. அவர் மேல் வழக்குப் போடாதீர்கள். அவர் எழுத்தை மதித்தவர், அவ்வளவுதான்.

பிறகு அரைக்கிலோவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. இரண்டு வாரம் விடுப்பு. முப்பத்தோராம் நாள், நான்காம் கட்டிலில், அறுநூற்று நாற்பது கிராம். பெண்குழந்தை. அம்மா தையல் வேலை செய்பவர். குழந்தைக்கு அளவெடுக்காமலே ஒரு தொப்பி தைத்து வந்திருந்தார், அது தோள்வரை இறங்கியது என்று பணியிலிருந்த நர்ஸ் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அந்த நர்ஸ் அன்றுதான் வேறு வார்டிலிருந்து வந்தவர். எடையைச் சரியாகத் தட்டினார். பக்கத்தில் ஒட்டியிருந்ததைப் படித்தார். பம்பை ஓடவிட்டார். பகல் பதினொன்றரைக்கு முடிந்துபோனது. சொட்டு அன்று ஒருமுறைகூட மயங்கி விழவில்லை என்பதையும் பதிவுசெய்யுங்கள். மென்பொருள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

உங்கள் பட்டியலில் ஏழு குழந்தைகள் இருக்கின்றன. ஒன்பது என்று திருத்திக்கொள்ளுங்கள். வேறு இரண்டு ஊர்களிலிருந்து மருத்துவர்கள் எனக்கு நேரடியாக எழுதியிருந்தார்கள். ஒன்று சென்ற ஆண்டு, இன்னொன்று அதற்கும் ஐந்து மாதம் முன்பு. குழந்தைகள் இறந்ததையும், காரணம் இந்த வரியாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் விவரமாக எழுதியிருந்தார்கள். இருவருக்கும் பதில் எழுதினேன். வருந்துகிறேன், பார்க்கிறேன் என்று.

ஆம். அப்படியானால் விசையை அணைத்து வைத்தபோது எனக்குத் தெரியும். கருவிகள் பிரிவு அலுவலரிடம் தீர்ந்துவிட்டது என்று சொன்னபோதும் தெரியும். வரைவைச் சேமித்தபோதும் தெரியும். இவ்வளவு நேரம் நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்த கேள்வி இதுதானே? கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். நான் எதையும் மறைப்பவன் அல்ல. கொல்லவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. யாரையும் என் கையால் தொட்டதுகூட இல்லை. சொட்டை நான் நிறுத்தவும் இல்லை, பிறரிடம் கொடுக்கவும் இல்லை. உயிரோடு காப்பாற்றினேன். ஒன்றைக் காப்பாற்றுவதென்றால் இன்னொன்றில் கவனம் குறையத்தான் செய்யும். வீட்டில் ஒரு குழந்தை வளர்த்த யாருக்கும் இது தெரியும்.

நீங்கள் ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? உட்காருங்கள். மேசையைத் தட்டுவதால் எனக்குச் சொற்கள் விரைவாக வந்துவிடாது. அரைக்கிலோ வெளியே வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, திருத்திய பதிப்பைத் தயாராக வைத்திருக்கிறார் என்கிறீர்கள். கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லையாம், இருந்தும் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாராம். நல்ல பெண். இந்த நேரத்தை வீட்டில் ஓய்வெடுத்துக் கழித்திருக்கலாம்.

மணி பன்னிரண்டு ஏழு. குழல் மாற்றும் வேலை எல்லா இடத்திலும் முடிந்திருக்கும். நான் வேண்டுமென்றே இழுத்தடித்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். முழுதாகச் சொல்லச் சொன்னவர் நீங்கள். ஒருமுறையாவது குறுக்கிட்டுக் கறாராகக் கேட்டிருந்தால் அப்போதே கொடுத்திருப்பேன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். வரிசை மாறக்கூடாது. கூரை. ஈயம். வியாழன். மிளகு. படகு. ஏணி. சன்னல். நூல். பாலம். விதை. கண்ணாடி.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை அந்தப் பெண்ணே உள்ளே வந்து கேட்கட்டும், நாளைக்கு, நிதானமாக, உடம்பும் கொஞ்சம் தேறியபிறகு. முறையாகக் கேட்டால் யோசித்துச் சொல்கிறேன். விடாப்பிடியாக வைத்துக்கொண்டான் என்று இனி ஒருவரும் என்னைச் சொல்ல முடியாது. பன்னிரண்டில் பதினொன்றைக் கொடுத்துவிட்டேன்.